இருளின் முன் அவையோர்: ‘கேட் பீப்பிள்’ (1942) திரைப்படமும் அதன் பார்வையாளர் எதிர்வினைகளும்

திரைப்பட வரலாறு எழுதுவோர்க்கு இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் ஆகியோர் பற்றிய சான்றுகள் ஓரளவு எளிதில் கிடைக்கின்றன. ஒப்பந்தங்கள், கடிதங்கள், திரைக்கதைப் படிகள், கணக்கேடுகள் முதலியன நிறுவனங்களின் காப்பகங்களில் எஞ்சியிருக்கின்றன. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கின் இருளில் அமர்ந்து படத்தைக் கண்டவர்கள் என்ன உணர்ந்தனர் என்பதற்கு அத்தகைய ஏடுகள் இல்லை. சிரிப்பும் அலறலும் எழுந்த அளவிலேயே மறைந்துவிடுபவை. அச்சப் படங்களைப் பொறுத்தவரை இக்குறை மேலும் பெரிதாகிறது. அத்தகைய படத்தின் பயன் முழுவதும் பார்வையாளரின் உடலில்தான் நிகழ்கிறது. படம் அஞ்சவைத்ததா இல்லையா என்பதற்குத் திரையில் விடை இராது, இருக்கையில்தான் உண்டு.

அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1942 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ‘கேட் பீப்பிள்’ (பூனை மனிதர்கள்) இவ்வகையில் ஆய்வுக்குரியதொரு படம். குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. கொடுவிலங்கையோ பேயையோ வெளிப்படக் காட்டாமல் நிழலாலும் ஒலியாலும் அச்சத்தை எழுப்ப முயன்றது. ஒரு பெண்ணின் உள்ளத்து அச்சத்தையே கதையாகக் கொண்டது. அதன் பார்வையாளர் பற்றிச் சிதறலாகச் சில சான்றுகள் எஞ்சியுள்ளன. அவை ஒன்றோடொன்று முழுமையாக இயையவில்லை. அவ்வியையாமையே அவற்றை வரலாற்று நோக்கில் பொருளுடையனவாக்குகிறது.

முன்னோட்டக் காட்சி

அக்காலத்தில் ஹாலிவுட் நிறுவனங்கள் ஒரு படத்தைப் பொதுவெளியீட்டிற்கு அனுப்புமுன் ஏதேனும் ஒரு திரையரங்கில் முன்னறிவிப்பின்றித் திரையிட்டுப் பார்ப்பது வழக்கம். ‘கேட் பீப்பிள்’ படத்தின் அத்தகைய முன்னோட்டக் காட்சி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹில்ஸ்ட்ரீட் திரையரங்கில் நடைபெற்றது. அன்று அங்கிருந்தவர்களுள் ஒருவர் படத்தின் திரைக்கதை ஆசிரியர் டெவிட் போடீன். அவரது நினைவுகூர்தலே இந்நிகழ்ச்சிக்கு முதன்மைச் சான்று.

முதன்மைப் படத்திற்கு முன்பு டிஸ்னி நிறுவனத்தின் கார்ட்டூன் படம் ஒன்று காட்டப்பட்டது. தற்செயலாக அதுவும் ஒரு சிறு பூனையைப் பற்றியது. அவையோர் அப்போதே பூனைபோல் மியாவ் எனக் குரலெழுப்பத் தொடங்கிவிட்டனர். ‘கேட் பீப்பிள்’ என்னும் தலைப்பு திரையில் தோன்றியதும் அக்குரல்கள் ஏளனக் கூச்சலாகப் பெருகின. தயாரிப்பாளர் வால் லூட்டன் இருக்கையில் குன்றிப் போய் இறைவனை அழைத்து முனகிக்கொண்டிருந்தார் என்கிறார் போடீன். படம் சில நிமிடங்கள் ஓடியபின் கூச்சல் அடங்கியது. பின்னர் அரங்கு முழுதும் அமைதி. அதன்பின் எழுந்தவை அலறல்கள்.

இச்செய்தி லூட்டனைப் பற்றிய நூல்கள் பலவற்றிலும் இடம்பெற்றுவிட்டது. பெரும்பாலோர் இதனை வெற்றிக்கதையாகவே எடுத்தாள்கின்றனர்: ஏளனம் செய்தவர்களைக் கலை வென்றது என்பது அவர்தம் துணிபு. அவ்வாறு கொள்வதற்குமுன் சான்றின் தன்மையை நோக்க வேண்டும். போடீன் லூட்டனைப் பற்றி விரிவாக எழுதியது 1963 இல். நிகழ்ச்சி நடந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. லூட்டன் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. எழுதியவர் படத்தின் ஆசிரியர்களுள் ஒருவர். அவ்வேளையில் அப்படத்தின் பெருமையும் நிலைபெறத் தொடங்கியிருந்தது. எள்ளலில் தொடங்கி அலறலில் முடியும் கதையமைப்பு ஒரு நாடகாசிரியன் மனத்திற்கு மிகவும் உகந்தது என்பதையும் மறுத்தல் இயலாது. ஆயினும் இச்சான்றை ஒதுக்கிவிடவும் முடியாது. தம் படத்தைக் கண்டு அவையோர் பூனைக்குரல் எழுப்பினர் என்பது படைத்தவர் தாமாகப் புனைந்து கூறிக்கொள்ளும் செய்தியன்று. தமக்கு இழிவு தரும் பகுதியையும் ஒருவர் சொல்லும்போது அப்பகுதிக்கு நம்பகத்தன்மை மிகுகிறது.

எனவே வினா வேறாகிறது. ஏளனம் செய்தவர்கள் வேறு, அஞ்சியவர்கள் வேறு அல்லர். ஒரே அரங்கில், ஒரே இருக்கைகளில், சில நிமிட இடைவெளியில் அவர்களே இரண்டையும் செய்தனர். அஃது எவ்வாறு கூடிற்று?

செலவுச் சுருக்கமும் காட்சி முறையும்

இதற்கு விடை காண்பதற்குப் படம் எழுந்த சூழலைச் சுருங்கக் காணுதல் வேண்டும். ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941), ‘தி மாக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ (1942) ஆகிய படங்களால் ஆர்.கே.ஓ. நிறுவனத்திற்கு இழப்பு ஏற்பட்டிருந்தது. 1942 இல் தயாரிப்புப் பொறுப்பேற்ற சார்லஸ் கெர்னர் மலிவான அச்சப் படங்களின்பால் கருத்தைச் செலுத்தினார். யுனிவர்சல் நிறுவனம் ‘தி வூல்ஃப் மேன்’ (1941) போன்ற படங்களால் ஈட்டிய வருவாய் அவருக்குத் தூண்டுதலாயிற்று. அதற்கென அமர்த்தப்பட்டவரே வால் லூட்டன். 1904 இல் யால்டாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தவர். மலிவு நாவல்கள் எழுதியவர். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் கதைப்பிரிவில் பணியாற்றியவர். அவருக்கு விதிக்கப்பட்ட வரம்புகள் மூன்று: ஒரு படத்தின் செலவு 1,50,000 டாலருக்கு மிகலாகாது, நேரம் 75 நிமிடத்திற்கு மிகலாகாது, தலைப்பை நிறுவனமே தரும். முதலில் தரப்பட்ட தலைப்பு ‘கேட் பீப்பிள்’. அது லூட்டனுக்கு உவப்பாக இல்லை. முன்னோட்டக் காட்சியில் அவையோர் நகைத்ததும் முதலில் அத்தலைப்பைத்தான் என்பது நோக்கத்தக்கது.

போர்க்காலக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அரங்க அமைப்புகளுக்கான புதிய பொருள்களின் செலவு ஒரு படத்திற்கு 5,000 டாலருக்கு மேற்படலாகாது என்று அமெரிக்க அரசு 1942 இல் வரையறுத்தது. ஆகவே முந்தைய படங்களின் அமைப்புகளே மீண்டும் பயன்படுத்தப்பட்டன. நாயகி வாழும் கட்டடத்தில் காணப்படும் படிக்கட்டு ‘ஆம்பர்சன்ஸ்’ படத்திற்காக எழுப்பப்பட்டதே. பழைய அமைப்புகளைப் புதியனபோல் காட்டுவதற்கும், இல்லாதவற்றை இருப்பனபோல் காட்டுவதற்கும் இருள் உதவியது. ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராக்கா, இயக்குநர் ஜாக் டூர்னர், படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் ஆகியோர் அவ்விருளை வறுமையின் மறைப்பாகக் கொள்ளாமல் பொருளாகவே மாற்றினர்.

கதை எளியது. நியூயார்க் நகரில் வாழும் செர்பிய நாட்டு ஓவியப் பெண் ஐரீனா. காமமோ சினமோ மீதூர்ந்தால் தான் கருஞ்சிறுத்தையாக மாறிவிடுவாள் எனத் தன் ஊர்ப் பழங்கதையை நம்பி அஞ்சுகிறாள். ஆலிவர் என்னும் கப்பல் வடிவமைப்பாளனை மணக்கிறாள்; ஆனால் அவனை நெருங்கவிட அஞ்சுகிறாள். கணவன் உளமருத்துவரை நாடுகிறான். உடன் பணிபுரியும் ஆலிசிடம் மனம் சாய்கிறான். பிரெஞ்சு நடிகை சிமோன் சிமோன் ஐரீனாவாக நடித்தார். அவள் உண்மையில் மாறுகிறாளா, அன்றி அஃது உளநோயா என்பதைப் படம் நெடுநேரம் ஐயத்திலேயே வைத்திருக்கிறது.

இப்படத்தின் எதிர்வினைகளைப் பேசுவோர் அனைவரும் எடுத்துக்காட்டும் காட்சி ஒன்றுண்டு. இரவில் பூங்காவின் நெடுஞ்சுவரை ஒட்டிய சாலையில் ஆலிஸ் தனியே நடக்கிறாள். ஐரீனா பின்தொடர்கிறாள். இசை இல்லை. இருவர் காலணிகளின் ஒலி மட்டுமே கேட்கிறது. ஒருத்தியின் நடை சீரானது, மற்றவள் நடை விரைவானது. விளக்குக் கம்பங்களின் அடியில் ஒளிவட்டங்கள்; அவற்றிற்கு இடையே இருள். ஒரு கட்டத்தில் பின்வரும் காலடியோசை நின்றுவிடுகிறது. எதுவும் தோன்றவில்லை, இருந்த ஓர் ஒலி இல்லாமற் போயிற்று, அவ்வளவே. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள். சாலை வெறுமையாக இருக்கிறது. ஓடத் தொடங்குகிறாள். சுவருக்கு மேலுள்ள கிளைகள் அசைகின்றன. திடீரெனச் சீறல் ஒன்று. திரையின் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து நிற்பது ஒரு பேருந்து. சீறியது அதன் தடுப்புக்கருவி. அரங்குகளில் அலறல் எழுந்தது இவ்விடத்தில்தான். பிற்காலத்துத் திரைப்படத் துறையினர் இவ்வுத்தியை ‘லூட்டன் பஸ்’ என்றே பெயரிட்டு வழங்கினர்.

இங்கு அவையோர் எதனைக் கண்டு அலறினர்? திரையில் கண்டது நாள்தோறும் தாம் ஏறிச் செல்லும் பேருந்தை. அஞ்சத்தக்க பொருள் எதுவும் திரையில் இல்லை. அஞ்சியவள் ஒருத்தி இருந்தாள்.

அச்ச மெய்ப்பாடு

இவ்விடத்தில் தமிழ் மெய்ப்பாட்டியல் மரபு உதவுகிறது. தொல்காப்பியம் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். நான்கும் அஞ்சப்படும் பொருள்கள். ஐரீனாவின் கதையில் முதலிரண்டும் ஒன்றாகின்றன. தெய்வ ஆற்றலும் விலங்கும் ஒரே பெண்ணுடலில் உறைவனவாகக் கூறப்படுகின்றன. ஆயினும் இந்நான்கனுள் எதனையும் திரையில் நேர்நிறுத்தாமல் அச்சம் பிறந்தது எவ்வாறு என்பதற்கு நூற்பாவைக் காட்டிலும் உரையே தெளிவு தருகிறது. இளம்பூரணர் மெய்ப்பாட்டிற்கு விளக்கம் கூறுங்கால், அச்சமுற்றவனிடத்து நிகழும் அச்சம் அவன் உடற்குறிகளின் வழியே காண்போர்க்குப் புலனாகும் தன்மையை மெய்ப்பாடு என்கிறார். செயிற்றியனார் கருத்தாக அவர் காட்டுவதும், செய்து காட்டுவோனின் நிலை காண்போரைச் சென்றெய்துதலே மெய்ப்பாடு என்பதாம். காண்போர் முன் நிற்க வேண்டியது புலியன்று; புலிக்கு அஞ்சியவனே.

யுனிவர்சல் நிறுவனப் படங்கள் அஞ்சப்படும் பொருளை முன்னிறுத்தின. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் ஓநாய் மனிதனின் முகத்தில் மயிர் ஒட்டி ஆக்கிய உருவம் அவையோர் முன் வந்து நின்றது. அத்தகைய உருவத்தை அவையோர் முதலில் அஞ்சுவர், பழகியபின் நகைப்பர். லூட்டன் குழுவினர் அஞ்சுவோரை முன்னிறுத்தினர். நீச்சற்குளக் காட்சியும் அவ்வாறே அமைந்தது. குளத்தின் நடுவே ஆலிஸ் நீந்தியவாறு நாற்புறமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நீரின் ஒளியலைகள் சுவரிலும் கூரையிலும் நெளிகின்றன. ஓர் உறுமல், ஒரு நிழல். அவள் அலறுகிறாள். விளக்கு எரிகிறது, நிற்பவள் புன்னகையோடு ஐரீனா. கரையில் விட்டுவந்த குளியலாடை மட்டும் கிழிந்து கிடக்கிறது.

முன்னோட்ட அவையின் மாற்றத்தை இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம். தொல்காப்பியம் நகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். எள்ளுவதற்கு எள்ளப்படும் பொருள் ஒன்று முன்னே வேண்டும். தலைப்பு அதனைத் தந்தது. பூனை வேடமிட்ட மனிதர் எவரேனும் வருவர் என அவையோர் காத்திருந்தனர். வரவில்லை. எள்ளற்குரிய பொருள் கிடைக்காத நிலையில், அஞ்சி நடக்கும் ஒரு பெண்ணின் உடல்மட்டுமே அவர்கள் முன் இருந்தது. ஏளனம் கலைக்குத் தோற்றது என்பதைவிட ஏளனத்திற்குப் பற்றுக்கோடு இல்லாமற் போயிற்று என்பதே பொருந்தும்.

இதனை நிறுவனத்தின் மேலாளர்கள் உணர்ந்திருந்தார்கள் எனக் கூறுதற்கில்லை. தொடக்க நாள்களில் எடுக்கப்பட்ட காட்சிகளைக் கண்ட மேற்பார்வையாளர் லூ ஆஸ்ட்ரோ இயக்குநரை நீக்கிவிடவே முனைந்தார். கெர்னர் தலையிட்டதால் டூர்னர் பணியில் நீடித்தார். கருஞ்சிறுத்தை படத்தில் ஓரிடத்திலேனும் தெளிவாகத் தோன்ற வேண்டும் என்ற வற்புறுத்தலும் எழுந்தது. அதன் விளைவே அலுவலகக் காட்சியில் வரைமேசைகளின் இடையே உண்மை விலங்கு ஒன்று நடமாடுவது. டூர்னர் அதனையும் இயன்றமட்டும் இருளிலேயே வைத்தார். ஆலிவர் வரைபடப் பணிக்குரிய டி-ஸ்கொயரைச் சிலுவைபோல் உயர்த்திப் பிடித்து விலங்கை விலக்கும் அக்காட்சியில், சுவரில் விழும் நிழலே நினைவில் நிற்கிறது; விலங்கு நிற்பதில்லை. பார்வையாளர் காசு கொடுத்தது பொருளைக் காண்பதற்கே என்று மேலாளர்கள் எண்ணினர்; எளிய பார்வையாளர்பால் அவர்கள் கொண்டிருந்த மதிப்பின் அளவை அது காட்டுகிறது.

அரங்கும் இதழ்களும்

நியூயார்க் நகரில் படம் வெளியான இடம் டைம்ஸ் சதுக்கத்தின் ரியால்ட்டோ அரங்கு. ஆர்தர் மேயர் என்பவர் நடத்திய இவ்வரங்கு அச்சப் படங்களுக்கும் அடிதடிப் படங்களுக்கும் பெயர்பெற்றது. அங்கு வந்தோருள் ஆண்களே மிகுதி. விளம்பரங்களும் அவர்களைக் கருதியே அமைந்தன. உளநோயும் ஐயமும் பற்றிய படத்திற்கு, நகமும் கவர்ச்சியும் உடைய பெண்ணே சுவரொட்டிகளில் காணப்பட்டாள். மாறான எதிர்பார்ப்போடு வந்தவர்கள் இப்படத்தைக் கண்டனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இதழ்களின் கருத்து ஒருமித்திருக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியீட்டை ஒட்டி எழுதிய மதிப்புரை படத்தைப் பாராட்டவில்லை. வலிந்து அதிர்ச்சியூட்ட முயல்வதாகவே அதனைக் கருதியது. அரங்கோ நிரம்பியது. ஹாலிவுட்டின் ஹவாய் திரையரங்கில் படம் பல வாரங்கள் தொடர்ந்து ஓடியது. மதிப்புரையாளரின் நுண்ணறிவைப் பொதுமக்கள் எட்டவில்லை என்று அக்காலத்தோர் இதற்கு விளக்கம் கூறியிருக்கக்கூடும். இன்று நிலை தலைகீழாகிவிட்டது. படத்தைப் புரிந்துகொள்ளத் தவறியது மதிப்புரைதான் என்பதே ஆய்வாளர் கருத்து.

வருவாயைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. இப்படம் 40 இலட்சம் டாலர் ஈட்டியது என்னும் செய்தி நூல்கள் பலவற்றில் வழிவழியாக எழுதப்பட்டு வருகிறது. நிறுவனத்தின் கணக்கேடுகளை நேரில் ஆராய்ந்தோர் இதனை ஏற்பதில்லை. அவர்கள் காட்டும் வருவாய் அரை மில்லியன் டாலர் அளவினது. ஒன்றரை இலட்சம் டாலருக்கு உட்பட்ட செலவில் எடுத்த படத்திற்கு அதுவே நல்ல வருவாய்; அடுத்தடுத்து ‘ஐ வாக்ட் வித் எ ஸோம்பி’, ‘தி லெப்பர்ட் மேன்’, ‘தி செவன்த் விக்டிம்’ (மூன்றும் 1943) ஆகியவற்றை எடுக்க லூட்டனுக்கு வழிவிட்டதும் அதுவே. பெருந்தொகை எவ்வாறு புகுந்தது என்பது ஆராயத்தக்கது. பார்வையாளரின் உணர்வுக்குச் சான்று இல்லாத இடத்தில் வரலாற்றாசிரியர்கள் வசூலைச் சான்றாக வைக்கின்றனர். உணர்வு பெரிதெனக் காட்ட வேண்டும்போது தொகையும் பெரிதாகிறது. நுழைவுச்சீட்டு வாங்கியவர் அஞ்சினாரா, நகைத்தாரா, உறங்கினாரா என்பதை எந்தத் தொகையும் கூறாது.

தொகை கூறாததைச் சில கடிதங்கள் கூறின. படத்தில் ஐரீனாவின் திருமண விருந்து நடைபெறும் உணவகத்தில் அயலாள் ஒருத்தி எழுந்து வருகிறாள். பூனையின் சாயல் உடையவள். செர்பிய மொழியில் ஐரீனாவைத் தன் உடன்பிறந்தாள் என்று விளிக்கிறாள், போய்விடுகிறாள். நடிகை எலிசபெத் ரசல் தோன்றும் அக்காட்சி ஒரு நிமிட அளவும் நீளாது. படம் வெளியானபின் லூட்டனுக்கு வந்த கடிதங்கள் சிலவற்றில், பெண்ணுக்குப் பெண்பால் எழும் விழைவைத் திரையில் துணிந்து காட்டியமைக்குப் பாராட்டுக் கூறப்பட்டிருந்தது எனப் போடீன் பின்னாளில் தெரிவித்தார். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் அப்பொருளைக் குறிப்பாற்கூடக் காட்டலாகாது எனத் தடுத்திருந்த காலம் அது. கடிதம் எழுதியோர் யாவர் என்பது தெரியவில்லை. ஆனால் அவர்கள் கண்டது ரியால்ட்டோ அரங்கின் ஆடவர் கண்ட படமன்று என்பது தெளிவு. கணவனைத் தொட அஞ்சும் பெண்ணின் கதையில், தம் வாழ்வின் சொல்லவியலாத அச்சம் ஒன்றனை அவர்கள் கண்டுகொண்டனர். விலங்கைக் காட்டாமல் விட்ட வெற்றிடம் ஒவ்வொருவரும் தத்தம் பொருளை இட்டுக்கொள்ள இடந்தந்தது. இருளில் அவையோர் தாமே எதையும் நிரப்பிக்கொள்வர் என்பதை லூட்டன் அறிந்தே செய்தார். இவ்வகைப் பொருளும் நிரம்பும் என்பதை எதிர்பார்த்திருந்தாரா என்பதற்குச் சான்றில்லை.

1944: ஒரு நேர்முகச் சான்று

போடீனின் சான்று இருபதாண்டு பிற்பட்டது. கடிதங்கள் இன்று கைக்கெட்டுவனவல்ல. இந்நிலையில் சமகாலத்தில் அரங்கினுள் அமர்ந்து அவையோரை நோக்கி எழுதிய ஒருவரின் குறிப்பு தனிமதிப்புடையதாகிறது. எழுதியவர் ஜேம்ஸ் ஏஜி, வெளிவந்த இதழ் ‘தி நேஷன்’, ஆண்டு 1944.

அவர் எழுதியது ‘கேட் பீப்பிள்’ பற்றியன்று; அதன் தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட ‘தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்’ பற்றி. முதற்படத்தின் வருவாயைக் கண்ட நிறுவனம் மீண்டும் ஒரு தலைப்பைக் கொடுத்தது. லூட்டனும் போடீனும் அத்தலைப்பின்கீழ் முற்றிலும் வேறானதொரு கதையை அமைத்தனர். ஆலிவருக்கும் ஆலிசுக்கும் பிறந்த எமி என்னும் சிறுமி தனிமையில் வாடுகிறாள். இறந்துபோன ஐரீனா அவளுக்குத் தோழியாகத் தோன்றுகிறாள். சாபமும் இல்லை, பூனை மனிதரும் இல்லை. குந்தர் வான் ஃபிரிட்ச் தொடங்கிய இயக்கப் பணியை ராபர்ட் வைஸ் முடித்தார். அவருக்கு அதுவே இயக்குநராக முதற்படம்.

ஏஜி இதனைக் கண்டது டைம்ஸ் சதுக்கத்தின் வழக்கமான அச்சப்பட அவையோருடன். சாபத்தையும் பூனைப் பெண்ணையும் காண வந்தவர்கள் அவர்கள். தலைப்பு அதனைத்தான் உறுதியளித்திருந்தது. படம் முடிந்தபோது ஏமாற்றப்பட்டதாக அவர்கள் சினங்கொள்ளவில்லை. குழந்தைப் பருவத்தின் அழகிலும் இடரிலும் ஒரு மணி நேரம் ஆழ்ந்திருந்து, முடிவில் நிறைவாகக் கைதட்டினர் என்கிறார் ஏஜி. அவ்வளவில் நில்லாது, கலைப்படங்களுக்கென்றே உள்ள அரங்குகளில் கூடுவோரைவிட இவ்வவையோர் மிக உயர்ந்தவர் என்றும் எழுதினார்.

ஏஜியின் கூற்றில் மிகை இருக்கலாம். கற்றோர் குழுவினரைச் சீண்டும் விருப்பம் அவருக்கு இல்லாமலில்லை. எனினும் கைதட்டலை அவர் தம் காதால் கேட்டார். சில வாரங்களுக்குள் எழுதினார். படத்தோடு அவருக்கு ஆதாயத் தொடர்பு ஏதுமில்லை. முன்னோட்டக் காட்சியைப் பற்றிப் போடீன் கூறுவதை இது மறைமுகமாக வலுப்படுத்துகிறது. தலைப்பால் ஈர்க்கப்பட்டு, தலைப்புத் தராத ஒன்றனைப் பெற்று, அதனை ஏற்றுக்கொண்ட அவை என்பது இரு சான்றுகளிலும் ஒன்றே. மேலாளர்கள் எதற்கு ஐயுற்றார்களோ அதனையே அவையோர் ஏற்றனர்.

லூட்டன் 1951 இல் தம் 46 ஆம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு ‘கேட் பீப்பிள்’ மீண்டும் திரையிடப்பட்டது. அதே 1952 இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய ‘தி பேட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ படத்தில், பூனை மனிதர் வேடங்கள் நகைப்புக்கிடமாவதைக் கண்ட தயாரிப்பாளர் விளக்கை அணைத்து இருளைத் தேர்ந்தெடுக்கும் காட்சி இடம்பெற்றது. ஹாலிவுட் தன் பழங்கதையைத் தானே சொல்லத் தொடங்கிவிட்டது. 1982 இல் பால் ஷ்ரேடர் இக்கதையைப் புதிதாக எடுத்தபோது உருமாற்றம் வெளிப்படவே காட்டப்பட்டது. 1993 இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் முதற்படம் சேர்க்கப்பட்டது.

சிறையறையில் ஒரு பார்வையாளர்

இப்படத்தின் எதிர்வினைகளுள் மிக விரிவாக எழுத்தில் பதிவானது புனைகதை ஒன்றில்தான். அர்ஜென்டினா எழுத்தாளர் மானுவல் புய்க் 1932 இல் ஜெனரல் வியெகாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் தாயுடன் ஏறத்தாழ நாள்தோறும் திரையரங்கிற்குச் சென்று ஹாலிவுட் படங்களைக் கண்டு வளர்ந்தவர். அவரது ‘சிலந்திப் பெண்ணின் முத்தம்’ என்னும் நாவல் 1976 இல் ஸ்பெயினில் வெளிவந்தது. புவெனஸ் அய்ரஸ் நகரச் சிறையொன்றில் இருவர் ஒரே அறையில் அடைக்கப்பட்டிருக்கின்றனர். மோலினா தற்பால் விழைவினர். வலெந்தீன் அரசியல் புரட்சியாளர். நாவல் எவ்வித முன்னுரையுமின்றி மோலினா ஒரு படத்தின் கதையைச் சொல்வதோடு தொடங்குகிறது. பெயர் கூறப்படவில்லை, ஆனால் விலங்குக்காட்சிச் சாலையில் கருஞ்சிறுத்தையை வரைந்துகொண்டிருக்கும் பெண் ஐரீனாதான்.

மோலினா படத்தில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் கலந்து கூறுகிறார். வீட்டின் அமைப்பு, ஆடையின் நிறம், தட்பவெப்பம் என அவர் சேர்ப்பவை பல. கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஏது என்று கேட்பதற்கில்லை. இருள் விட்டுவைத்த இடமெல்லாம் அவருக்கு உரிமையாகிறது. பாதியைப் புனைகிறீரா என வலெந்தீன் வினவும்போது, புனையவில்லை, தாம் காண்பதுபோல் கேட்பவரும் காண வேண்டுமானால் சிலவற்றை விளக்கித்தான் ஆக வேண்டும் என்று விடையளிக்கிறார். யாரோடு தம்மை ஒன்றச் செய்கிறார் என்ற வினாவிற்கும் தயக்கமில்லை, ஐரீனாவோடுதான். 1942 ஆம் ஆண்டுக் கடிதங்களை எழுதியோர் பெயரில்லாதவர். புனைகதையில் வாழும் மோலினா அவர்கள் கூறியிருக்கக்கூடியதை இரவு முழுவதும் கூறுகிறார்.

வலெந்தீனோ தொடக்கத்தில் ஹில்ஸ்ட்ரீட் அரங்கின் அவையோரை ஒத்தவர். இடைமறிக்கிறார், நகைக்கிறார், கதைமாந்தரின் வர்க்கத்தையும் மனநோயையும் பகுத்துக் கூறித் தம் அறிவைக் காட்டுகிறார். மோலினா உரிய இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, மீதி நாளைக்கு என்கிறார். மறுநாள் கேட்பதற்கு வலெந்தீன் அணியமாக இருக்கிறார். கதை முடிந்தபின் அவர் கூறுவது பகுப்பாய்வன்று. அம்மாந்தரோடு தமக்குப் பற்று ஏற்பட்டுவிட்டது, முடிந்துவிட்டது வருத்தமாக இருக்கிறது, அவர்கள் இறந்துபோனது போலிருக்கிறது என்கிறார்.